மூன்று பேரும் ஒரு கல்லும்

1

சால்ட் லேக் சிட்டியிலிருந்து மோவாப் என்ற பாலைவன ஊர் வரைக்கும் சைக்கிளில் போக வேண்டுமென்றால் வருடத்தில் மூன்று வாரம்தான் வாய்க்கும். அதற்கு முன்னால் கிளம்பினால் மலைக் கணவாயில் பனி கிடக்கும். அதற்குப் பின்னால் கிளம்பினால் பாலைவனம் கொதிக்கத் தொடங்கிவிடும். மலையில் உருகியிருக்க வேண்டும், கீழே சூடேறியிருக்கக் கூடாது. இந்த ஊர்க்காரர்கள் அந்த இடைவெளிக்குத்தான் வசந்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் செஞ்சியை விட்டு இங்கே அமெரிக்காவுக்கு வந்து போன வாரத்தோடு இருபத்தாறு வருடம் முடிந்தது. அன்றைக்கே எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மனைவி சுமதி குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கச் சொன்னாள், வைத்தேன், அன்றைய தினம் அப்படியே போய்விட்டது. இன்று எழுதுகிறேன். சைக்கிள் பயணத்தைப் பற்றித்தான்.

ஜனவரி மாதம் ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் என் மகள் மீரா ஒரு செய்தி சொன்னாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது. பாறைகளைப் பற்றிப் படித்தவள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், ஒரு சுரங்கக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் போகிறாள். இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னாடி மோவாப் வரைக்கும் சைக்கிள்ல போலாமாப்பா? நாம ரெண்டு பேரும்?" என்று தமிழில் கேட்டாள்.

பதினைந்து வயதிலிருந்து இந்தப் பெண் என்னிடம் பேசியதெல்லாம் "ஓக்கே", "ஃபைன்", "கதவைச் சாத்துங்க" இவ்வளவுதான். ஒன்பது நாள் பயணம் என்றாள். ஒன்பது நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் எதையாவது பேசித்தானே ஆக வேண்டும். எனக்கு ஐம்பத்தேழு வயது, சர்க்கரை உண்டு, டாக்டர் சொன்னதால் நாலு வருடமாக ஆபீசுக்குச் சைக்கிளில் போகிறேன். மலை ஏறியதில்லை. ஆனாலும் யோசிக்காமல் சரி என்றேன். இந்த ஒன்பது நாளை விட்டால் அப்புறம் அவள் எனக்கு வீடியோ காலில் மட்டும்தான் கிடைப்பாள் என்று நன்றாகத் தெரிந்தது.

செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கள் அப்பா, நைனா, போன பிறகு செஞ்சி கடைத்தெருவில் எங்கள் பெயின்ட் கடையை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். நான் சாப்பிட்டு முடிக்கும் நேரம் அவள் ஷட்டரைத் தூக்கும் நேரம்.

"கார் இன்னா ஆச்சு?" என்றாள்.

"இருக்குதுக்கா. ரெண்டு இருக்குது."

"பெட்ரோல் கெடைக்கலையா?"

"கெடைக்குது."

"அப்பறம் இன்னாத்துக்குடா சைக்கிள்?"

"மலை, பாலைவனம் எல்லாம் பாத்துக்கினே போலாம்."

"பாலைவனத்துல பாக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"கல்லுதான்."

எங்கள் கடை வாசலில் நின்று தலையைத் தூக்கினால் ராஜகிரிக் கோட்டை மலை, இந்தப் பக்கம் திரும்பினால் கிருஷ்ணகிரி. யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுக் காசு வாங்காமல் போன மாதிரி மலை முழுக்கக் கல்.

"இங்க இல்லாத கல்லா" என்றாள். அவளுக்குக் கஸ்டமர் வந்துவிட்டார்.

2

பயணத் திட்டம் என்றால் மேப்பில் கோடு போடுவது என்று நினைத்திருந்தேன். மீரா ஒரு எடை பார்க்கும் கருவி வாங்கி வந்தாள். சமையலறையில் வைக்கிற சின்னக் கருவி. எடுத்துப்போகும் ஒவ்வொரு பொருளையும் அதில் வைத்து, கிராம் கணக்கில் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கூடாரம், ஸ்டவ், பம்ப், ஜட்டி. என் டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டாள். நான் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிளாஸ்டிக் கவரில் நாலு ஸ்பூன் ஊறுகாயைப் போட்டுக் கட்டி எடை போட்டாள்.

தண்ணீர் என் பொறுப்பு. நான் நகரத் தண்ணீர் இலாகாவில் வேலை செய்கிறேன். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்று மேப் பார்த்துச் சொல்வதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. மலையிலிருந்து இறங்கிய பிறகு இந்த வழியில் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டருக்குக் குழாய் கிடையாது. வீடு, கடை, மரம் எதுவும் கிடையாது. எங்கள் ஆபீஸ் மேப்பில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. என் வேகத்துக்கு அதைக் கடக்க இரண்டு நாள் ஆகும். ஆளுக்கு எத்தனை லிட்டர், அதை எந்த சைக்கிளில் எப்படித் தூக்குவது என்று ஒரு காகிதம் முழுக்க எழுதி மீராவிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "குட்" என்றாள். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் தனியாகப் பழக்கத்துக்கு ஓட்டப் போனேன். ஊருக்கு வெளியே மலை ஏறத் தொடங்கும் இடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கிவிடலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து, ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் கொஞ்ச தூரத்தில் படுத்திருந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை. மெதுவாகத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

"ஏன் லேட்டு?" என்று சுமதி கேட்டாள். மீராவும் கூட இருந்தாள்.

"பஞ்சர்" என்றேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, இதயம் சரியாக இருக்கிறது, உடம்பில் தண்ணீர் போதவில்லை என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவர் அதை ஃபைலில் எழுதிக்கொண்டார்.

3

அதற்கு அடுத்த வாரம் மீரா, "டைலரும் வரான்" என்றாள்.

டைலர் அவளோடு பழகும் பையன். இந்த ஊர்க்காரன், ஆம்புலன்சில் வேலை. அவர்கள் பழகுவது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆறடி இரண்டங்குலம், நல்ல பையன், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். அவன் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. என் ஒன்பது நாளில் வந்து நடுவில் உட்கார்ந்தான் என்பதைத் தவிர.

கோபம் வந்தது. பொறாமை என்று சொல்லவும் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. ஆனால் அதை மகளிடம் சொல்ல முடியுமா? வேறு காரணம் வேண்டியிருந்தது. கிடைத்தது.

"மூணு பேராக் கெளம்பக் கூடாதும்மா" என்றேன். "நம்ம பக்கத்துல வழக்கமில்ல. மூணு பேரு போனா காரியம் ஒழுங்கா முடியாது."

இப்படியொரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பரிகாரம் இருப்பதும் தெரியும். மூன்று பேராகப் போக வேண்டி வந்தால் கீழே கிடக்கும் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கல் நாலாவது ஆள். நைனா இதில் கறார். சரக்கு எடுக்கத் திண்டிவனம் போகும்போது நைனா, கடையில் வேலை செய்யும் அண்ணன், நான் என்று மூன்று பேர் அமைந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பஸ்ஸில் அறுபது பேர் இருப்பார்கள், அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். வீடு திரும்பியதும் கல்லைக் கால்வாயோரம் இறக்கிவிடுவார். நாலாவது ஆளுக்கு அவர் டிக்கெட் எடுத்ததில்லை. நம்பிக்கை அந்த அளவுக்குத்தான்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. என் காரில் எத்தனையோ தடவை மூன்று பேராகப் போயிருக்கிறோம். எங்கள் வீடே மூன்று பேர்தான். ஆனாலும் மகளிடம் வழக்கத்தைச் சொன்னேன், பரிகாரத்தைச் சொல்லவில்லை. மூன்று கூடாதென்றால் டைலர் நின்றுகொள்வான் என்பது என் கணக்கு.

மீரா ஐந்து நிமிஷம் யோசித்தாள். பிறகு இங்கிலீஷில், "அப்படின்னா யாரோ ஒருத்தர் வரக் கூடாது. யாருன்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது நானாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுமதியிடம் புலம்பினேன். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், ஷிப்ட் முடிந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் வந்துடேன். நாலு பேராயிடும்."

"கல்லு செய்யற வேலைக்கு என்னைக் கூப்பிடறீங்க" என்றாள். அவளும் நம் பக்கத்துப் பெண்தான், திருவண்ணாமலை. அவளுக்குப் பரிகாரம் தெரியும்.

4

மூன்று நாள் கழித்து அக்காவே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டால் யாராவது செத்திருப்பார்கள், அல்லது கல்யாணம்.

"மீரா பேசிச்சுடா எங்கூட" என்றாள். "முக்கா மணி நேரம். கூட ஒரு வெள்ளக்காரப் பையன். வணக்கம்னு சொல்லிச்சு."

மீரா அத்தையோடு பேசுவதென்றால் தீபாவளிக்கு நான் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடிப்பேன், "ஹாய் அத்தை, நல்லா இருக்கியா" என்பாள், அவ்வளவு. அவளாக நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"இன்னா கேட்டா?"

"மூணு பேரு போணும்னா இன்னா அத்தை செய்வீங்கன்னு கேட்டுச்சு. கல்லு எடுத்துக்குவோம்னு சொன்னேன். அப்பா அதச் சொல்லலியேன்னுது. ஏன்டா சொல்லல?"

"மறந்துட்டேன்."

"மறந்தியா? நைனா ஜோபில இருந்த கல்லெல்லாம் மறந்துட்டியா? பாதியச் சொல்லிட்டுப் பாதிய முழுங்கிட்டு இன்னாடா வழக்கம் பேசறே? அந்தப் பையன் வேணாம்னா வேணாம்னு நேராச் சொல்லு."

"அவன் மூணாவது ஆளுக்கா. நானும் அவளும்தான் போறதா இருந்தோம்."

"டேய் சேகரு" என்றாள். சத்தமே போடவில்லை. "அவங்க ரெண்டு பேரு. நீதான்டா மூணாவது."

சாப்பிட்டாயா என்று கேட்காமல் போனை வைத்துவிட்டாள்.

5

எடுத்துக்கொள்ள வேண்டிய கல் எந்த ஊர்க் கல்லாக இருந்தாலும் போதும். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறது, ரோட்டில் இருக்கிறது, போகப்போகிற பாலைவனம் முழுக்கக் கல். ஆனால் டைலர், செஞ்சியிலிருந்தே வர வேண்டுமா என்று கேட்டானாம். இருந்தால் நல்லது என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் அனுப்பியும் விட்டாள்.

கூரியர் கடையில் நடந்ததை அவளே சொன்னாள். "உள்ள இன்னாம்மா இருக்குது"ன்னான். "கல்லு"ன்னேன். "நகைக் கல்லா"ன்னான். "வெறுங்கல்லு"ன்னேன். "அமெரிக்காவுக்கு வெறுங்கல்லு அனுப்பறீங்களா"ன்னான். "ஏன், அனுப்பக் கூடாதா"ன்னேன். எடை போட்டு ரசீது குடுத்தான்.

பார்சல் இங்கே வந்து இறங்கி கஸ்டம்ஸில் நின்றுவிட்டது. ஒரு அதிகாரியம்மா போன் செய்தார். தன்மையாகத்தான் பேசினார். ஃபாரத்தில் "செஞ்சிக் கல், ஒன்று" என்று இருக்கிறது. செஞ்சி என்று தேடிப் பார்த்தாராம், பழைய கோட்டை என்று வருகிறதாம். இது புராதனப் பொருளா?

இல்லை என்றேன்.

மண் ஒட்டியிருக்கிறதா? தெரியாது. உணவுப் பொருளா? இல்லை. எந்த உபயோகத்துக்கு?

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஃபாரம் நிரப்பியிருக்கிறேன். என் கை ரேகையை ஏழு தடவை எடுத்திருக்கிறார்கள். நைனா இறந்தபோது என் விசா பேப்பர் ஒன்று எங்கேயோ மேஜையில் நின்றுவிட்டதால் நான் ஊர் போய்ச் சேர மூன்றாம் நாள் ஆனது. எந்தக் கேள்விக்கும் இங்கே நேரான பதில் சொல்லிவிட்டால் போதும் என்று கற்றுக்கொண்டிருந்தேன்.

"நாலாவது ஆளாக வர" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் டைப் செய்தார். புராதனப் பொருள் அல்ல என்று அனுப்பியவர் கடிதம் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார்.

அக்கா மறுநாளே அனுப்பினாள். கடை லெட்டர்பேடில், அழகான இங்கிலீஷில், வக்கீல் குமாஸ்தா யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தாள். மேற்படி கல், எங்கள் கடை வாசலில் ரோடு போடும்போது மிஞ்சிய ஜல்லி. கோட்டைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே கையெழுத்து, அதன் மேல் கடை ரப்பர் ஸ்டாம்ப், அது சரியாக விழாததால் பக்கத்தில் இன்னொரு தடவை. உலகத்தில் எந்த ஆபீசும் ரப்பர் ஸ்டாம்பை மதிக்காமல் இருந்ததில்லை. நாலாம் நாள் கல் வீட்டுக்கு வந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற கல். மீரா ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இது நம்ம வழியில இருக்கிற எல்லாக் கல்லையும் விட வயசு ஜாஸ்தி" என்றாள். அப்புறம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா ஜல்லின்னா உடைச்ச முனை இருக்கும். இதுல எல்லாம் தேஞ்சிருக்கு. ஏதோ பிசுக்கா இருக்கு."

"பெயின்ட் கடைக் கல்லு. பிசுக்கு இல்லாம இருக்குமா" என்றேன்.

டைலர் அதை எடைக் கருவியில் வைக்கப் போனான். மீரா அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். என் டூத் பிரஷ்ஷை அறுத்தவள் அவள்.

6

கிளம்ப ஒரு வாரம் இருந்தது. அக்கா சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவங்க ரெண்டு பேரு. அவர்கள் பிரியப் போகிறவர்கள், அவன் இங்கே, அவள் பெர்த்தில். கிடைக்கிற ஒன்பது நாளில் அவர்களுக்கு நடுவில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு எதற்கு? வயதுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்வோம் என்று முடிவு செய்தேன். மனது கேட்கவில்லை, இருந்தாலும் முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் ஷெட்டில் மீரா சைக்கிள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முட்டி வலிக்குதும்மா. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

அவள் நிமிரவில்லை. "எந்த முட்டி?"

"வலது."

"நேத்து இடதுன்னு அம்மாகிட்ட சொன்னீங்க."

அவள் கையிலிருந்த பட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அன்னிக்கு பஞ்சர் ஆகல" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க வாட்ச். நான் வாங்கிக் கொடுத்தது. நீங்க விழுந்தா அது எனக்கு மெசேஜ் அனுப்பும். அனுப்பிச்சு. நான் கார் எடுத்துட்டு வந்தேன். நீங்க தள்ளிட்டு நடந்து போறதைப் பாத்தேன். தெருமுனை வரைக்கும் பின்னாடியே வந்துட்டு, வேற வழியா முன்னாடி வீட்டுக்கு வந்துட்டேன்."

அந்த வாட்ச்சை மணி பார்க்க மட்டும்தான் நான் கட்டியிருந்தேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அப்புறம் அவளுக்குத் தமிழ் போதவில்லை, இங்கிலீஷில் கொட்டினாள். பயணத்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்தாளாம். நான் எழுதிக் கொடுத்த தண்ணீர்க் காகிதத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லையாம். அதனால்தான் டைலரைக் கேட்டிருக்கிறாள். அவன் ஆம்புலன்ஸ்காரன், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அவன் தன் அப்பாவோடு மீன் பிடிக்கப் போக வைத்திருந்த லீவை மாற்றிக்கொண்டிருக்கிறான். மேப்பைக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். அவர்கள் இருவர் மட்டும் என்றால் மூன்று நாளில் போய்விடுவார்கள். ஒன்பது நாள் என்பதே என் வேகம்.

கடைசியில் தமிழுக்குத் திரும்பினாள். "நீங்க விழுந்தா நான் ஒருத்தியாத் தூக்க முடியாதுப்பா. அதான் அவன்."

நான் டைலரைக் கழற்றிவிட வழக்கம் பேசிய ஆள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன்.

"முட்டி?" என்றாள்.

"பரவால்ல" என்றேன்.

7

ஒன்பது நாளைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. கணவாயில் ஓரமாகக் கொஞ்சம் பனி இருந்தது. மலை இறங்கினால் மரம் குறைந்து, புல் குறைந்து, கடைசியில் சிவப்பாகக் கல் மட்டும் மிஞ்சியது. அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் பூ. இத்தனை கல்லைப் பார்க்கவா கல் ஊரை விட்டு வந்தேன் என்று ஒரு இடத்தில் தோன்றியது. மீராவிடம் சொன்னேன், சிரித்தாள். அவள் பேசினாள். கல்லைப் பற்றித்தான் பேசினாள், பெரும்பாலும். நான் நைனாவைப் பற்றிச் சொன்னேன். பெர்த்துக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று ஆறாம் நாள் சொன்னாள். எனக்கும் இருந்தது, ஆனால் விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் என்றேன்.

கல் டைலரின் பையில் இருந்தது. என் பங்குத் தண்ணீரில் பாதியும் அவனிடம்தான். தினமும் காலையில் கிளம்பும்போது ஆள் எண்ணுவான். "ஒன், டூ, த்ரீ, கல்லு." வணக்கத்துக்கு அடுத்து அவனுக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை அது ஒன்றுதான். நான் விழவில்லை.

மோவாப் போய்ச் சேர்ந்த சாயங்காலம் டைலர் கல்லை எடுத்துவந்து மரியாதையாக என் முன்னால் வைத்தான். பயணம் முடிந்தது, இதை எங்கே இறக்குவது என்று கேட்டான். அக்காவைக் கேட்போம் என்று போன் போட்டேன். மீராவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்து சேந்துட்டோம்க்கா. கல்ல இங்கயே போட்டுடலாமா?"

"போட்டுடாத" என்றாள் அவசரமாக. "டேய், அது ஜல்லி இல்லடா."

"பின்ன?"

"நைனாவோட கல்லு. நீ ஊருக்குப் போன அன்னிக்கு எடுத்தது."

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் என்னை வழியனுப்ப வாடகைக் காரில் சென்னைக்குக் கிளம்பியது மூன்று பேர். நைனா, அக்கா, நான். டிரைவர் கணக்கில் இல்லை. நைனா கடை வாசலில் குனிந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கல் என்ன ஆயிற்று என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ஏர்போர்ட்டுலயே போட்டுடு நைனான்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "போய்ச் சேந்து திரும்பி வந்தாத்தான் எறக்கணும்னார். எடுத்தாந்து கல்லாப் பொட்டி மேல வச்சாரு, பில்லு பறக்காம. நீ ஒவ்வொரு வாட்டி வரும்போதும் எங்கிட்ட கேப்பாரு, வந்துட்டானா, லீவுல வந்திருக்கானான்னு. லீவுதான் நைனான்னு சொல்லுவேன். அப்ப கல்லு அங்கயே இருக்கட்டும்னுடுவார்."

அழுதேன். மகள் முன்னாலும் அந்தப் பையன் முன்னாலும் அழுதேன், மறைக்கவில்லை.

"லெட்டர்ல ஜல்லின்னு எழுதினியே" என்றேன் கடைசியில்.

"கவர்மென்ட்டுக்கு எல்லாத்தையும் சொல்லணுமா?" என்றாள் அக்கா. "சாப்டியா?"

மீரா கல்லை எடுத்து அவள் ஜெர்க்கின் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

8

ஜூன் மாதம் அவளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனோம். டைலருக்கு அன்று டியூட்டி, முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போனான். பெட்டிகளைக் காரில் ஏற்றியாயிற்று. சுமதி பூட்டிய கதவைத் திரும்பத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"என்ன மறந்துட்டே?"

ஹேண்ட்பேகில் எதையோ போட்டு மூடிக்கொண்டு வந்து பின் சீட்டில் மகளோடு உட்கார்ந்தாள். கல் செய்யும் வேலைக்குத் தன்னைக் கூப்பிட்டேன் என்று கேலி செய்தவள்.

திரும்பும்போது கல் முன் சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில், கரண்ட் பில் மேல் வைத்தேன்.

நேற்று பெர்த்திலிருந்து மீரா கூப்பிட்டாள். வீடு கிடைத்துவிட்டது, சுரங்கத்தில் எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கிறேன் என்றாள். நீங்களும் குடியுங்கள் என்றாள். பிறகு, "டிசம்பர்ல வரேன்ப்பா" என்றாள்.

"வந்துடறியா?"

"லீவுக்கு."

"சரிம்மா" என்றேன்.

இந்த மாதக் கரண்ட் பில் வந்திருந்தது. கல்லைத் தூக்கி, அதற்கு அடியில் பில்லை வைத்து, கல்லை இருந்த இடத்திலேயே வைத்தேன்.